நாய்க்கு வாங்கிய வாந்தி மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவரான எனக்கு வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கி, அவர் குரலிலேயே தருகிறேன்.

"எங்கள் வீட்டில் 6 வயது லாப்ரடார் நாய் ஒன்றும் (28 கிலோ) 11 வயதுப் பெண் பூனை ஒன்றும் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்பு நாய் எதையோ தின்றுவிட்டு ஒரே நாளில் ஐந்தாறு முறை வாந்தி எடுத்தது. மருத்துவர் ஊசி போட்டார், போட்ட உடனே அது வலியில் கத்திவிட்டது, சரியாகத்தான் போட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம். மரோபிடன்ட் 60 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, ஐந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். மறுநாளே வாந்தி நின்றதால் இரண்டோடு நிறுத்திவிட்டேன், அது தப்போ என்று உறுத்துகிறது. ஒரு மாத்திரையைக் கார் பயணத்துக்கு முன்னால் கொடுத்தேன், அப்படியும் வழியில் வாந்தி எடுத்தது. இரண்டு மிச்சமிருக்கின்றன.

இப்போது பூனைக்குப் பிரச்சினை. ஒரு மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. முடி உருண்டையாக இருக்கும், பூனைக்கு இது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருகிறது, முகர்கிறது, உதட்டை நக்கிக்கொண்டே திரும்பிப் போய்விடுகிறது. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டும் பார்த்தேன். போன வருடம் 4.6 கிலோ இருந்தது, இப்போது 3.9. மருத்துவரிடம் போனால் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று பட்டியல் போடுகிறார். வாந்திக்கு ஒரு மாத்திரை கேட்டுப் போனவளுக்கு இத்தனை சோதனை எதற்கு? நாயின் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா? எனக்கு முன்பு எழுதிக் கொடுத்த மெட்டோக்ளோப்ரமைடு என்ற வாந்தி மாத்திரையும் வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் நாயோடு நீண்ட கார் பயணம் வேறு. பூனையின் மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிது பெரிதாக விழுகின்றன, மணல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை."

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நேரடிப் பதில்: கொடுக்க வேண்டாம். பாதி மாத்திரையும் வேண்டாம், உங்களுக்கு எழுதிய மாத்திரையும் வேண்டாம். மரோபிடன்ட் பூனைக்கு ஆகாத மருந்து என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பூனைகளுக்கும் அதைத் தருகிறோம், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பூனைக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம், பெரும்பாலும் தோலுக்கு அடியில் போடும் ஊசியாக. உங்கள் பூனையின் 3.9 கிலோவுக்கு அது 4 மில்லிகிராம்கூட வராது. நீங்கள் கொடுக்க நினைத்த பாதி மாத்திரையில் இருப்பது 30 மில்லிகிராம், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கு நன்றி.

சரி, அளவைத் திருத்திக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதுவும் நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியில்.

மஞ்சள் நுரையில் முடி எங்கே?

முடி உருண்டை வந்தால் அதில் முடி இருக்கும், விரல் போல நீண்டு சுருண்ட ஈரமான கொத்தாக விழும். எப்போதாவது ஒன்று வருவதில் பெரிய ஆபத்தில்லை. நீங்கள் பார்த்திருப்பதோ ஒரு மாதமாக வாரம் இரண்டு மூன்று முறை வரும் மஞ்சள் நுரை. காலி வயிற்றிலிருந்து பித்தம் கலந்து வருவது அது. பூனை என்றால் வாந்தி எடுக்கும் என்று நாம் பழகிப்போனதால், வயதான பூனைகள் பல மாதக்கணக்கில் நோயோடு இருந்துவிட்டுத்தான் எங்களிடம் வருகின்றன. உங்களைக் குறை சொல்லவில்லை, இந்த நம்பிக்கை எல்லா வீடுகளிலும் இருக்கிறது.

எடையைப் பாருங்கள். 4.6 கிலோவிலிருந்து 3.9 என்றால் 700 கிராம். கேட்பதற்குச் சின்ன எண், ஆனால் உடம்பில் ஏறக்குறைய 15 சதவீதம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் எந்த முயற்சியும் செய்யாமல் 10 கிலோ இளைத்துவிட்டால் வீட்டில் யாரும் சும்மா இருக்கமாட்டோம்.

அப்புறம் அந்த மணல் தட்டு. ஈரக் கட்டி பெரிதாவது என்றால் சிறுநீர் அதிகம் போகிறது, அதாவது பூனை அதிகம் தண்ணீர் குடிக்கிறது. நீங்கள் பார்க்காத நேரத்தில் குடித்திருக்கும். வயதான பூனையில் எடைக் குறைவு, வாந்தி, அதிகச் சிறுநீர் மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கள் மனதில் முதலில் ஓடுபவை நாள்பட்ட சிறுநீரக நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய். தைராய்டு உள்ள பூனை பெரும்பாலும் அகோரப் பசியோடு தின்றுகொண்டே இளைக்கும். உங்கள் பூனை தட்டிலிருந்து திரும்பிப் போகிறது என்பதால் சிறுநீரகத்தின் பக்கம் என் சந்தேகம் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் குடல் அழற்சி, கணையம், குடலில் வரும் ஒருவகைப் புற்று என்று இதே தோற்றத்தில் வருபவை வேறும் உண்டு. கடிதத்தைப் படித்து நோயைச் சொல்ல எனக்கு முடியாது, யாருக்கும் முடியாது. ஒன்று மட்டும் சொல்வேன்: இது வெறும் வயிற்றுக் கோளாறு போலத் தெரியவில்லை.

தட்டு வரைக்கும் வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிவிட்டுப் போவது திமிரோ சாப்பாடு பிடிக்காததோ இல்லை. அதுதான் குமட்டல். பசி இருக்கிறது, அதனால் வருகிறது. வாசனை பட்டதும் வயிறு புரட்டுகிறது, திரும்பிவிடுகிறது. எச்சில் ஊறி ஊறி விழுங்குவது, முதுகைக் கூன்போட்டு உட்கார்வது, கட்டிலுக்கு அடியில் ஒளிவது, நாயாக இருந்தால் விடாமல் புல் தின்பது, இவையெல்லாமும் அதன் அடையாளங்கள்தான். வாந்தியை எண்ண முடிகிறது, அதனால் எண்ணுகிறோம். குமட்டலை எண்ண முடியாது. ஆனால் விலங்குக்கு அதிக நேரம் துன்பம் தருவது இந்த இரண்டாவதுதான்.

மருந்து எந்த இடத்தில் அடைக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு இங்கேதான் விடை இருக்கிறது. வாந்தியை இயக்கும் மையம் மூளைத் தண்டில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் தகவல்கள் பல வழியாக வருகின்றன: குடல், வயிறு, கணையம் போன்ற உறுப்புகளின் நரம்புகள் வழியாக, ரத்தத்தில் கலந்த கழிவையும் நஞ்சையும் முகரும் ஒரு பகுதி வழியாக, உட்காதின் சமநிலை உறுப்பு வழியாக, பயம் போன்றவற்றை உணரும் மேல்மூளை வழியாக. ஒவ்வொரு மருந்தும் இதில் ஏதோ ஓரிடத்தை அடைக்கிறது.

மரோபிடன்ட் அடைப்பது சப்ஸ்டன்ஸ் பி என்ற வேதிப்பொருள் போய் உட்காரும் இடத்தை. அது கிட்டத்தட்ட எல்லா வழிகளும் வந்து சேரும் முனையில் இருக்கிறது. அதனால் வாந்திக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் நிறுத்திவிடும். அதன் பலம் அது, ஆபத்தும் அதுவே. குடலில் ஒரு துணித் துண்டு அடைத்திருந்தாலும் வாந்தி குறையும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும். அதனால்தான் முதலில் வயிற்றை அமுக்கிப் பார்த்து, தேவையென்றால் படம் எடுத்து, அதற்கப்புறம் இந்த ஊசியை எடுக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. மரோபிடன்ட் வாந்தியை நிறுத்துவதில் கெட்டி, குமட்டலை அடக்குவதில் அந்த அளவுக்கு இல்லை. சிறுநீரக நோயுள்ள பூனைக்கு இதைக் கொடுத்தால் வாந்தி குறைகிறது, ஆனால் பசியும் எடையும் அதே போலத் திரும்பி வருவதில்லை. குமட்டலுக்கு ஒன்டான்செட்ரான் பெரும்பாலும் மேலான தேர்வு, அது செரட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் வழியை அடைக்கிறது. மிர்டாசபைன் என்று மனிதர்களின் மனச்சோர்வுக்குத் தரும் மருந்து ஒன்று, மிகச் சிறிய அளவில் பூனைக்குக் குமட்டலைக் குறைத்துப் பசியையும் தூண்டுகிறது. மாத்திரை விழுங்காத பூனைகளுக்காகக் காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவும் அது இருக்கிறது. ஆக, உங்கள் பூனைக்கு மாத்திரையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பொருத்தமானது நாயின் மிச்ச மாத்திரையாக இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான்.

உங்கள் மெட்டோக்ளோப்ரமைடு

இது டோபமைன் என்ற வேறொரு வேதிப்பொருளின் வழியை அடைக்கும் மருந்து. நாய்க்கும் மனிதருக்கும் அந்த வழி வாந்தியில் முக்கியம், பூனைக்கு அப்படியில்லை. எங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. விஷம் தின்ற நாயை வாந்தி எடுக்க வைக்க அபோமார்ஃபின் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறோம், டோபமைன் வழியைத் தூண்டிச் சில நிமிடத்தில் கக்க வைத்துவிடும். அதே மருந்து பூனையிடம் சரியாக எடுபடுவதில்லை, சைலசின் போல வேறு வழியாக வேலை செய்யும் மருந்துகளைத் தேட வேண்டியிருக்கிறது. தூண்டியே வாந்தி வராத ஒரு வழியை அடைத்து வாந்தியை நிறுத்துவது எப்படி? மேலும் மெட்டோக்ளோப்ரமைடு வயிற்றையும் குடலின் மேல்பகுதியையும் வேகமாகத் தள்ள வைக்கும். அடைப்பு இருந்தால் அது பெரிய ஆபத்து. சில விலங்குகள் அதைக் கொடுத்ததும் நிலைகொள்ளாமல் அலைவதும் உண்டு.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. மனிதர்களுக்கான சில வாந்தி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலைக் கழிவாக்கி வெளியேற்ற முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறுகள் பழுப்பாகிவிடும், ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்க்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: சர்க்கரை சேர்க்காத சில சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். மனித மருந்து எதையுமே கொடுக்கக் கூடாது என்றில்லை, நாங்களே எழுதுகிறோம். ஆனால் எந்த மருந்து, எந்த வடிவம், அதில் கூட என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறோம்.

இத்தனை சோதனை எதற்கு?

உங்கள் கோபம் புரிகிறது. செலவு பெரிது, விளக்கமும் கிடைக்கவில்லை. விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு சோதனையும் எந்தக் கேள்விக்காக, பதில் எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேளுங்கள், செலவை எழுத்தில் கேளுங்கள், அறிக்கைகளின் நகலை வாங்கி வையுங்கள். வேறு மருத்துவரின் கருத்துக் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

ஆனால் அந்தப் பட்டியலே தவறு என்று நினைக்காதீர்கள். உங்கள் மருத்துவர் கேட்டிருப்பது நானும் கேட்டிருக்கக்கூடியதுதான். பணம் நெருக்கடி என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி, படிப்படியாகச் செய்யலாமா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் ரத்தமும் சிறுநீரும் முதலில், ஸ்கேன் அப்புறம். ஒருமுறை எடுக்கும் ரத்தத்திலேயே சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம். சிறுநீரை மட்டும் விட்டுவிடாதீர்கள், பலர் செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது அதைத்தான். சிறுநீரகம் சிறுநீரை எவ்வளவு அடர்த்தியாக்குகிறது என்பது தெரியாமல் ரத்த எண்களை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது கடினம். குளுக்கோஸோ உப்புநீரோ ஏற்றுவதற்கு முன்பே சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள், ஏற்றிய பிறகு எடுத்தால் நீர்த்துப்போய் ஒன்றும் புரியாது.

போகும்போது பூனை வாந்தி எடுப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டு போங்கள், சில நொடிகள் போதும். வயிறு எக்கி எக்கி ஓங்கரித்துக் கக்குகிறதா, எந்த முயற்சியும் இல்லாமல் தின்றது அப்படியே வழிந்து விழுகிறதா, இல்லை கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி இருமுகிறதா என்பதை எத்தனை வார்த்தையில் சொன்னாலும் குழப்பம்தான். மூன்றும் வேறு வேறு உறுப்புகளின் பிரச்சினை. மூன்றாவதைப் பலர் முடி உருண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது ஆஸ்துமாவாக இருக்கலாம்.

நாயைப் பற்றி

இரண்டு மாத்திரையோடு நிறுத்தியது பற்றி உறுத்தல் வேண்டாம். இது ஆன்டிபயாட்டிக் இல்லை, முழுக் கணக்கையும் தீர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மாதமாக நன்றாகத் தின்று, ஒழுங்காக மலம் கழித்து வருகிறதென்றால் அந்தப் பிரச்சினை முடிந்தது. ஊசியில் கத்தியதற்கும் மருத்துவரின் கையைக் குறை சொல்ல வேண்டாம். மரோபிடன்ட் ஊசி இயல்பிலேயே எரியும். மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருந்து போட்டால் எரிச்சல் குறையும். அடுத்த முறை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

கார் பயணத்தில் மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் கணக்குதான் காரணம். சாதாரண வாந்திக்கு நாயின் வாய்வழி அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதனால் 28 கிலோவுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சரி. பயண வாந்திக்கு அளவு கிலோவுக்கு 8 மில்லிகிராம். உட்காதிலிருந்து வரும் தூண்டலை அடக்க அவ்வளவு தேவைப்படுகிறது. உங்கள் நாய்க்கு அது 224 மில்லிகிராம் வருகிறது, நீங்கள் கொடுத்தது அதில் ஏறக்குறைய கால்பங்கு. இதைப் படித்துவிட்டு மிச்சமுள்ள இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அது பாதி அளவுதான் ஆகும், பலனும் சந்தேகம். பயணத்துக்கென்று பெரிய மாத்திரை தனியாக உண்டு, அந்த அளவைத் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. மருந்தைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரல் என்பதால் அதில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். முழுப் பட்டினியில் கொடுத்தால் மாத்திரையே வாந்தியைக் கிளப்பக்கூடும், அதனால் ஒரு வாய் உணவோடு. உணவுக்குள் இறுக்கி உருட்டி மறைத்துவிட்டால் கரைவது தாமதமாகும். வயிறு நிறைய உணவு பயணம் முடிந்த பிறகு. ஒன்றைக் கவனியுங்கள்: வண்டி நகர்வதற்கு முன்பே, ஏறி உட்கார்ந்ததுமே எச்சில் ஒழுகி நடுங்குகிறதா? அப்படியென்றால் பிரச்சினையில் பாதி பயம். மரோபிடன்ட் பயத்தைத் தொடாது, மயக்கமும் தராது. நின்ற வண்டியில் சும்மா உட்கார வைப்பது, தெருமுனை வரை போய்த் திரும்புவது என்று பழக்க வேண்டும், தேவைப்பட்டால் பயத்துக்குத் தனி மருந்து கேட்க வேண்டும்.

சோதனைக்குப் போகும் வரை

பூனையை இனி ஒருபோதும் பட்டினி போடாதீர்கள். நாய்க்குச் சில மணி நேரம் உணவை நிறுத்திப் பார்ப்பதற்கு இடமுண்டு, பூனைக்கு அந்த வழி கிடையாது. சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்க் குவிந்து, முதல் நோயைவிட மோசமான இரண்டாவது நோய் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக, லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். முகர்ந்துவிட்டுத் திரும்பினால் தட்டை எடுத்துவிட்டு அரை மணி கழித்துப் புதிதாக வையுங்கள், முகத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு கெஞ்சினால் அந்த உணவையே வெறுக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் தடுக்காதீர்கள், அது கேட்கும் அளவு அதற்குத் தேவை.

முன்பதிவு நாளுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பூனை 24 மணி நேரம் எதையுமே தொடாமல் இருந்தால், குடித்த தண்ணீரும் திரும்பி வந்தால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ தெரிந்தால், துவண்டு படுத்துவிட்டால், அன்றே போய்விடுங்கள். லில்லிப் பூச்செடி எதையாவது கடித்திருக்கும் என்ற சந்தேகம் வந்தாலும் அப்படியே, லில்லி வகை பூனையின் சிறுநீரகத்தைச் சில நாளில் அழித்துவிடும். வாயைத் திறந்து நாக்கின் அடியில் ஒருமுறை பாருங்கள், நூல் சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள், அதன் மறுமுனை குடலில் மாட்டியிருக்கலாம், இழுத்தால் குடல் கிழியும். நாயின் விஷயத்தில், வயிறு உப்பிக்கொண்டு, எதுவுமே வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம், அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. மாத்திரையைத் தேடாமல் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள், வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், அவர்கள் தயாராக இருப்பார்கள்.